ராணியம்மா மட்டுமா குற்றவாளி?

'பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டவன்' என்று ஒரு புருஷனைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், நம் பக்கத்தில் வழக்கு முடிந்தது. மேற்கொண்டு விசாரணையே கிடையாது. இந்தத் தீர்ப்பு நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். இங்கிலீஷ்காரர்களும் நானூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு அம்மாள் மேல் இதே தீர்ப்பைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் வருகிற லேடி மாக்பெத்தைத்தான் சொல்கிறேன்.

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டியவள். ஷேக்ஸ்பியருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் பெண் காலேஜில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அவளுக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே காது கொடுப்பேன். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்லி அர்த்தம் கேட்பேன். ஒரு பரீட்சைக்குள் நாடகத்தை மூன்று தரம் கேட்டாயிற்று. மூன்றாவது தரம் கேட்டபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. எல்லாரும் சொல்கிற மாதிரி இந்த அம்மாள்தான் அந்த மனுஷனைக் கெடுத்தாளா?

நாடகம் எழுதப்பட்டது 1606-ம் வருஷ வாக்கில். அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் ஜேம்ஸ். இவர் ஸ்காட்லாந்து ராஜா. 1603-ல் இங்கிலாந்து சிம்மாசனமும் இவருக்கு வந்து சேர்ந்தது. சூனியக்காரிகளைப் பற்றி 1597-ல் தாமே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டவர். 1605-ல் பார்லிமெண்டோடு சேர்த்து இவரையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்க ஒரு சதி நடந்து, கடைசி நிமிஷத்தில் பிடிபட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஸ்காட்லாந்து, சூனியக்காரிகள், ராஜாவைக் கொல்வது என மூன்றையும் சேர்த்து ஒரு நாடகம் என்றால், ஜனங்கள் எப்படிப் பதறியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களிலேயே இதுதான் சின்னது. 'ஹாம்லெட்'டில் பாதிதான் இருக்கும். ஆனால் கேட்டு முடித்தால் இரண்டு நாளைக்குத் தூக்கம் வராது.

மாக்பெத் ஒரு தளபதி, ராஜா டங்கனுக்கு உறவுக்காரன். யுத்தத்தில் ஜெயித்துவிட்டு, பாங்க்வோ என்ற சிநேகிதனோடு திரும்பி வருகிறான். வழியில் மூன்று சூனியக்காரிகள். கிளாமிஸ் பிரபுவே, காடர் பிரபுவே, வருங்கால ராஜாவே என்று மூன்று விதமாக அவனைக் கும்பிடுகிறார்கள். கிளாமிஸ் பிரபு அவன் ஏற்கெனவேதான். காடர் பட்டம் கிடைத்த சேதி அடுத்த சில நிமிஷத்தில் வந்துவிடுகிறது. இரண்டு பலித்தால் மூன்றாவதும் பலிக்கும் என்று மனசு கணக்குப் போடாதா? போடுகிறது. அந்த இடத்திலேயே, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, கொலை என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிடுகிறது. அதை நினைத்து அவனுக்கே மயிர்க்கூச்செறிகிறது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சூனியக்காரிகள் கொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜாவாவாய் என்றார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு எவ்வளவு சக்தி என்பதற்கும் ஷேக்ஸ்பியர் முன்னாலேயே ஒரு சின்னக் கதை வைத்திருக்கிறார். ஒரு மாலுமியின் பெண்டாட்டி மடி நிறையக் கொட்டைகளை வைத்துக்கொண்டு மொக்கு மொக்கென்று தின்கிறாள். எனக்கும் கொடு என்று ஒரு சூனியக்காரி கேட்டதற்குப் 'போடி' என்று விரட்டிவிடுகிறாள். கோபம் வந்த சூனியக்காரி, கடலில் இருக்கும் அவள் புருஷனைப் படுத்தி எடுக்கிறேன் என்று கிளம்புகிறாள். அவன் கப்பலைப் புயலில் ஆட்டலாம், தூக்கத்தைக் கெடுக்கலாம். ஆனால் முழுக அடிக்க முடியாது என்று அவளே சொல்லிவிடுகிறாள். ஆட்டத்தான் அவர்களால் முடியும். முழுகுவது கப்பலில் இருப்பவன் கையில்.

பாங்க்வோவும் அதே இடத்தில் அதே பேச்சைக் கேட்டவன்தானே! உன் வம்சம் ராஜ்யம் ஆளும் என்று அவனுக்கும் ஒரு ஆசை காட்டினார்கள். அவனோ, கெட்ட சக்திகள் சில்லறை விஷயத்தில் உண்மையைச் சொல்லி நம்பவைத்து, பெரிய விஷயத்தில் கழுத்தை அறுக்கும் என்று சிநேகிதனை எச்சரிக்கிறான். ஒரே மழைதான் இரண்டு வயலிலும் பெய்தது. (அதற்காக பாங்க்வோ ரொம்ப உத்தமன் என்றும் சொல்லமாட்டேன். பின்னால் மாக்பெத் மேல் அவனுக்குச் சந்தேகம் வருகிறது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தன் வம்சத்துக்குச் சொன்னதும் பலிக்கட்டுமே என்ற சபலம்தான்.)

இனி ராணியம்மா. புருஷன் நடந்ததை எல்லாம் கடிதம் எழுதி அனுப்புகிறான். படித்ததும் அவள் தன் புருஷனை எடை போடுகிறாள் பாருங்கள், இருபது வருஷம் குடித்தனம் நடத்தினவள்கூட அவ்வளவு துல்லியமாகச் சொல்லமாட்டாள். இவருக்கு ஆசை இருக்கிறது; அதற்கு வேண்டிய கொடூரம் இல்லை. தப்பாட்டம் ஆடமாட்டார், ஆனால் தப்பாக ஜெயித்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். இதுதான் அவள் கணிப்பு. இப்படி எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! லஞ்சம் கேட்க மாட்டார்கள், மேஜை டிராயர் மட்டும் திறந்தே இருக்கும்.

அப்புறம்தான் அந்தப் பயங்கரமான வேண்டுதல். பெண்ணுக்கு உரிய இளகின மனசை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள், என் மார்பில் பாலுக்குப் பதில் விஷத்தை நிரப்புங்கள் என்று இருட்டின் சக்திகளைக் கூப்பிடுகிறாள். இதை வைத்துத்தான் அவளைப் பேய் என்றும் பிசாசு என்றும் சொல்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. வீட்டில் சர்க்கரை இருக்கிறவள் பக்கத்து வீட்டில் கடன் கேட்பாளா? கொடூரம் கூடவே பிறந்திருந்தால் அதை வேண்டிக் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

டங்கன் அவர்கள் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறார். கோட்டையைப் பார்த்துவிட்டு, என்ன அருமையான காற்று என்று சந்தோஷப்படுகிறார். விருந்து நடக்கும்போதே மாக்பெத் பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுகிறான். அவர் என் உறவு, என் ராஜா, என் விருந்தாளி; வாசல் கதவைச் சாத்தி அவரைக் காப்பாற்ற வேண்டிய நானே கத்தியை எடுப்பதா என்று யோசிக்கிறான். மூன்று காரணமும் முத்தானவை. ராஜாவோ நல்லவர். இதோடு விட்டுவிடலாம் என்று பெண்டாட்டியிடம் சொல்லியும் விடுகிறான்.

அவள் பேச ஆரம்பிக்கிறாள். இதைத்தான் நான் என் பெண்ணை நாலு தரம் படிக்கச் சொன்னேன். உறவு, ராஜா, விருந்தாளி என்று அவன் வைத்த மூன்று காரணங்களில் ஒன்றுக்கும் அவள் பதில் சொல்வதே இல்லை! நீங்கள் என் மேல் வைத்த பிரியமும் இவ்வளவுதானா என்கிறாள். கோழை என்கிறாள். அன்றைக்கு ஆம்பிளையாகப் பேசினீர்களே, இன்றைக்கு என்ன ஆயிற்று என்கிறாள். நீங்கள் மாதிரி நான் சத்தியம் பண்ணியிருந்தால், பால் குடிக்கிற என் குழந்தையையே தரையில் அடித்திருப்பேன் என்கிறாள். ஒருவரை மடக்கிப் போடுகிற வித்தையே இதுதான். விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் ஆளைத் தொடுவது. 'என் மேல் பாசம் இருந்தால் செய்வீர்கள்' என்பதும் 'நீங்கள் எல்லாம் ஒரு ஆம்பிளையா' என்பதும் ஸ்காட்லாந்து கோட்டையில்தான் கேட்கும் என்றில்லை. நகைக்கடை வாசலில் கேட்கும், நாத்தனார் கல்யாணச் சீர் பேசும்போது கேட்கும், பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்ற பேச்சிலும் கேட்கும். பெண்கள்தான் சொல்கிறார்கள் என்றும் இல்லை. மாமியார் சொல்வார், புருஷனின் சிநேகிதர்கள் சொல்வார்கள்.

அவன் என்ன பதில் சொன்னான்? தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். கவனித்தீர்களா? ஒரு நிமிஷம் முன்பு வரை, இது சரியா தப்பா என்பது பேச்சு. இப்போது, மாட்டிக்கொள்வோமா மாட்டோமா என்று ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை மாற்றியது அவன். காவல்காரர்கள் இருவருக்கும் குடிக்கக் கொடுத்து மயக்கி, பழியை அவர்கள் தலையில் போடலாம் என்று அவள் திட்டம் சொன்னதும், உனக்கு ஆண் குழந்தைகளாகப் பிறக்க வேண்டும் என்று மெச்சிக்கொள்கிறான்! கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கப்பட்டவன் இப்படி மெச்சுவானா?

இந்த இடத்தில் நமக்குக் கைகேயி ஞாபகம் வராமல் இருக்காது. கூனி பேச்சில் கைகேயி மயங்கினாள், கைகேயி பேச்சில் தசரதர் மாட்டிக்கொண்டார். ஆனால் தசரதரை இரண்டு வரம் கட்டிப்போட்டிருந்தது. கொடுத்த வாக்கை மீறினால் அதுவும் பாவம். மாக்பெத்துக்கு அப்படி ஒரு கட்டும் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டுப் போய் விருந்தில் உட்கார்ந்திருந்தால், ராத்திரி முழுக்கப் பெண்டாட்டியின் முகம் தூக்கிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம்.

அன்றைக்கு ராத்திரி டங்கன், உபசரித்த வீட்டம்மாவுக்கு ஒரு வைரம் பரிசாகக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறார். கொலையும் நடக்கிறது. கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கின அவளால் கத்தியை எடுக்க முடியவில்லை. தூங்கும் கிழவரைப் பார்த்தால் தன் அப்பா மாதிரி இருந்ததாம். அவன் ரத்தக் கையோடு வந்து பிதற்றுகிறான். தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும் என்று அவள் சமாதானம் சொல்கிறாள். இந்தத் தண்ணீர் பின்னால் வருகிறது.

அதற்குப் பிறகு நடந்தவைதான் என் கட்சிக்குச் சாட்சி. மறுநாள் காலையில் அந்தக் காவல்காரர்கள் இருவரையும் மாக்பெத்தே வெட்டிப்போடுகிறான். இது அவள் திட்டத்தில் இல்லை. ராஜாவானதும் பாங்க்வோவையும் அவன் பிள்ளையையும் தீர்த்துக்கட்ட ஆள் அமர்த்துகிறான். இதைப் பெண்டாட்டிக்குச் சொல்லவே இல்லை. உனக்குத் தெரிய வேண்டாம் கண்ணே, முடிந்த பிறகு மெச்சிக்கொள் என்று கொஞ்சிவிட்டுப் போகிறான். கூலிக்கொலைகாரர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தான் தெரியுமா? நீங்கள் ஆம்பிளைகள்தானா என்று கேட்டு! பெண்டாட்டி தன்னிடம் பேசின அதே பேச்சு. எது தன்னை விழுத்தாட்டியது என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் விழுந்திருக்கிறான்.

பட்டாபிஷேக விருந்துக் காட்சியைக் கேட்டபோது அந்த அம்மாள் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். இலை போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் காலி நாற்காலியைப் பார்த்து அலறுகிறார். செத்துப்போன பாங்க்வோவின் ஆவி அங்கே உட்கார்ந்திருப்பது அவருக்கு மட்டும்தான் தெரிகிறது. இது இவருக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்கிற கோளாறு, கண்டுகொள்ளாதீர்கள், சாப்பிடுங்கள் என்று சமாளிக்கிறாள். சமாளிக்க முடியாமல் போனதும், யார் முன்னால் யார் பின்னால் என்று மரியாதை பார்க்காமல் கிளம்புங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவைக்கிறாள். தனியாக இருக்கும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. உங்களுக்குத் தூக்கம் போதவில்லை என்கிறாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் நாடகத்தில் இருந்தே காணாமல் போகிறாள். அவன் மட்டும் மறுபடி சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான். இந்தத் தடவை அவர்கள் வரவில்லை, இவனே போகிறான்! மாக்டஃப் என்ற பிரபு இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும், அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெண்டாட்டியையும் குழந்தைகளையும் வெட்டச் சொல்கிறான். அந்தக் காட்சியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனசு வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட புருஷன் மேல் அந்த அம்மாள் பொருமிக்கொண்டிருக்கிறாள். நீ எப்படிடா பிழைப்பாய் என்று பிள்ளையைக் கேட்க, குருவி மாதிரி கிடைத்ததைத் தின்று பிழைப்பேன் என்று அது கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறது. அடுத்த நிமிஷம் கத்தியோடு ஆட்கள் வருகிறார்கள். இவர்கள் எந்த சிம்மாசனத்துக்குக் குறுக்கே நின்றார்கள்? இதற்கும் பெண்டாட்டி பேச்சுதான் காரணமா?

அடுத்து வருவதுதான் உலகப் பிரசித்தமான காட்சி. ராணி தூக்கத்தில் நடக்கிறாள். கையில் விளக்கு. ராத்திரி பூரா பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் உத்தரவாம். இருட்டைக் கூப்பிட்டவளுக்கு இப்போது இருட்டென்றால் பயம். கால் மணி நேரம் விடாமல் கையைக் கழுவுவது போலத் தேய்க்கிறாள். அரேபியாவின் அத்தனை வாசனைத் திரவியமும் இந்தக் கையின் ரத்த வாடையைப் போக்காது என்று அழுகிறாள். அன்றைக்குத் தண்ணீர் போதும் என்றாளே! அதோடு, ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாளே, அவள் எங்கே என்று கேட்கிறாள். மாக்டஃபின் மனைவியைத்தான் கேட்கிறாள். புருஷன் செய்த அந்தக் கொலையில் இவளுக்குப் பங்கு இருந்ததாக நாடகத்தில் ஒரு வரி கிடையாது. அதையும் தன் கையிலேயே சுமந்துகொண்டு கழுவுகிறாள்.

சாரா சிட்டன்ஸ் என்ற நடிகை 1785-ல் லண்டனில் இந்த வேஷம் கட்டினாராம். அதற்கு முன் நடித்தவர்கள் எல்லாரும் விளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடித்தார்கள். இவர்தான் விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தேய்த்துக் கழுவிக் காட்டினார். கையில் விளக்கோடு எப்படிக் கழுவுவது? ஒரு பெண்பிள்ளைக்குத்தான் தோன்றியிருக்கிறது! 1812-ல் அவர் நாடக மேடைக்கு விடைகொடுத்த அன்று, இந்தக் காட்சி முடிந்ததும் கைதட்டல் ஓயாமல், மிச்ச நாடகத்தையே நடத்தவிடவில்லையாம் ஜனங்கள்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. தூக்கத்தில் நடக்கும் பழக்கம் நம் குழந்தைகளில் சிலருக்கும் உண்டு. அதற்குப் பாவம், சாபம் என்று பயப்பட வேண்டாம். ராத்திரியின் முற்பகுதியில், அசந்து தூங்கும் நேரத்தில்தான் இது பெரும்பாலும் வரும். வளர வளரப் பலருக்குத் தானே நின்றுவிடும். தட்டி எழுப்பவோ அதட்டவோ கூடாது. மெதுவாகக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்க வைக்க வேண்டும். மாடிப்படிக்கும் வாசலுக்கும் தாழ்ப்பாள், கத்தி கபடா எட்டாத இடத்தில். பெரியவர்களுக்குப் புதிதாக வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ டாக்டரிடம் காட்டவேண்டும். தூக்கக் குறைவும் மனக்கவலையும்கூட இதைக் கிளப்பிவிடும். ஷேக்ஸ்பியரின் டாக்டர், இது என் வைத்தியத்துக்கு மேற்பட்டது, பாதிரியார்தான் வேண்டும் என்று நழுவிவிடுகிறார். மனசில் வேரோடிய துக்கத்தைப் பிடுங்க மருந்து இல்லையா என்று மாக்பெத் கேட்கிறான். அதற்கு நோயாளிதான் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். பெண்டாட்டிக்காகக் கேட்கிற மாதிரிதான் கேட்டான். யாருக்காகக் கேட்டானோ!

ராணி செத்துப்போகிறாள், தன் கையாலேயே முடிவைத் தேடிக்கொண்டாள் என்று கடைசியில் சொல்கிறார்கள். காடு நகர்ந்து வந்தால்தான் உனக்குத் தோல்வி, பெண் வயிற்றில் பிறந்தவன் எவனும் உன்னைத் தொட முடியாது என்று சூனியக்காரிகள் சொல்லியிருந்தார்களே, அதை நம்பித்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். எதிரிச் சிப்பாய்கள் ஆளுக்கொரு கிளையை வெட்டிப் பிடித்துக்கொண்டு நடக்க, காடே நகர்ந்து வருகிறது. மாக்டஃபோ மாசம் நிறையுமுன் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். மாக்பெத்தின் தலை போகிறது. புது ராஜா மால்கம், அந்த ராணியைப் பேய் என்று சொல்லித்தான் நாடகத்தை முடிக்கிறான்.

என் பெண்ணிடம் ஒன்று தேடிப் பார்க்கச் சொன்னேன். மாக்பெத் எந்த இடத்திலாவது, நீதான் என்னைக் கெடுத்தாய் என்று பெண்டாட்டியைச் சொல்கிறானா? முழு நாடகத்தையும் புரட்டிவிட்டு, ஒரு இடத்திலும் இல்லை அம்மா என்றாள். வாய்ஜாலம் செய்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சூனியக்காரிகளைத் திட்டுகிறான், அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொன்றது யார் என்று அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் அவள் தேவைப்படுகிறாள்.

எங்கள் உறவில் ஒருவர் பல வருஷம் முன்பு, தாம் கணக்குப் பார்த்த இடத்தில் பணத்தில் கை வைத்துவிட்டார். விஷயம் வெளியே வந்து வேலை போயிற்று. நகை நகை என்று அவள் அரித்த அரிப்பில்தான் அவர் இப்படிச் செய்தார் என்று சொந்தபந்தமே பேசியது. அந்த அக்கா பத்து வருஷத்துக்கு ஒரு விசேஷத்துக்கும் வந்ததில்லை. அவர் மட்டும் எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார். அக்கா நகை கேட்டது நிஜம். தங்கச்சிக்கு அவள் வீட்டுக்காரர் செய்ததைச் சொல்லிச் சொல்லிக் குத்திக் காட்டியதும் நிஜம். அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியவள்தான். ஆனால் லெட்ஜரில் கையெழுத்துப் போட்டது எந்தக் கை?

இந்தக் கதையைப் படமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 2003-ல் ஹிந்தியில் வந்த 'மக்பூல்' இருக்கிறது, தபு நடித்திருக்கிறார். மலையாளத்தில் 2021-ல் 'ஜோஜி' என்று ஒன்று, ஃபகத் ஃபாசில் நடித்தது. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

நிஜ மாக்பெத் என்றும் ஒரு ராஜா இருந்திருக்கிறார். டங்கனை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தூக்கத்தில் கொன்றதெல்லாம் நடக்கவில்லை. 1040-ல் நடந்த சண்டையில் டங்கன் இறந்தார். அப்போது அவர் கிழவரும் இல்லை. மாக்பெத் 1057 வரை 17 வருஷம் ஆண்டிருக்கிறார், 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்திருக்கிறார். தூங்கும் ராஜாவைப் பெண்டாட்டி தூண்டுதலால் கொன்ற கதை பழைய சரித்திரப் புத்தகத்தில் வேறொரு ராஜாவைப் பற்றியது. ஷேக்ஸ்பியர் அதை எடுத்து இங்கே ஒட்டிவிட்டார். அதே புத்தகத்தில் பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை. ஆனால் பாங்க்வோ தம் முன்னோர் என்று நம்பிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ராஜா சபையில் இருக்கும்போது அப்படி எழுத முடியுமா? அவனை நல்லவனாக்கிவிட்டார்.

ராணிக்கு நாடகத்தில் சொந்தப் பேர்கூட இல்லை, கவனித்தீர்களோ? லேடி மாக்பெத் என்றால் மாக்பெத்தின் சம்சாரம், அவ்வளவுதான். நிஜத்தில் அவள் பெயர் க்ருவோக். முதல் கல்யாணத்தில் பிறந்த லூலாக் என்ற பிள்ளை அவளுக்கு இருந்தான். மாக்பெத்துக்குப் பிறகு அவன்தான் சில மாசம் ராஜாவாக இருந்தான். லாக் லெவன் என்ற ஏரித் தீவில் வாழ்ந்த துறவிகளுக்கு நிலம் தானம் கொடுத்ததாக ஒரு பழைய சாசனக் குறிப்பு இருக்கிறது. அதில் ராஜா மாக்பெத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே, இன்னாருடைய மகள் ராணி க்ருவோக் என்று அவள் பெயரும் எழுதியிருக்கிறது.